கடல் பக்கம் இழுத்த கார்

ராயபுரம் கல்மண்டபத்தில் கார்ச் சக்கரம் நேர்பார்க்கிற பட்டறை வைத்திருந்தேன். அம்புரோஸ் பட்டறை என்றால் யாரும் வழி சொல்வார்கள். கார் ஒரு பக்கமாக இழுத்தால் ரோடு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கிற ஆட்கள் உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். நான் கை வைத்த வண்டி ஸ்டியரிங்கை விட்டாலும் நேராக ஓடும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, அறுபத்தெட்டாம் வருஷம் பிப்ரவரி வரைக்கும்.

அந்த மாதம் என் தங்கை ஐரீனின் புருஷன் ஜேக்கப் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினானாம். இரண்டே சீட்டு. வேகம் வேண்டும் என்று பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஒரு சுற்று பெரிய சக்கரங்களை மாட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சோழவரம் ரேஸ். ஐரீனுக்கு அப்போது எட்டு மாசம்.

"மச்சான், நூறு மைல்ல போவ சொல்ல ஒரு பக்கமா இய்த்துச்சுன்னா நான் காலி. நீதான் பாத்துக்கணும்," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்சக்கரம் இரண்டும் முன்பக்கத்தில் துளி உள்ளே பார்த்து நிற்க வேண்டும். இந்தக் காருக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஆனால் அது பழைய சக்கரத்துக்கான கணக்கு. சக்கரம் பெரிதானால் அதே சாய்மானத்துக்கு விளிம்பில் அளவு கூடும். ஒரு நூலும் அதற்கு மேல் ஒரு தலைமுடியும் என்று முடிவு செய்தேன். இதை அளக்க வண்டியின் இரண்டு பக்கமும் பின்னிருந்து முன்வரை கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். கட்டும்போது என் கயிறு அறுந்துபோனது.

சுவர் ஆணியில் கோதண்டத்தின் தூண்டில் கயிறு தொங்கியது. கோதண்டம் காசிமேட்டு மீனவன், என் தோஸ்து. கார்த்திகை மாசம் ஒரு நாள், "வந்து எட்த்துக்கிறேன் மாமு" என்று அந்தச் சுருளை மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் கட்டுமரத்தோடு போனவன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. கடலில் காணாமல் போனவனின் கயிற்றை அவன் வரும்வரை யாரும் வெட்டக்கூடாது என்பது அவர்கள் குப்பத்து வழக்கம். வெட்டினால் அவன் செத்தான் என்று நாமே முடிவுகட்டியதாக அர்த்தம். அவன் பெண்சாதி பச்சையம்மா நெற்றியில் பொட்டோடுதான் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை பட்டறைக்கு வந்து அந்த ஆணியைப் பார்த்துவிட்டுப் போவாள்.

எல்லாம் தெரிந்துதான் வெட்டினேன். அவசரம். இழுத்தால் நீளாத கயிறு அதைவிட நல்லதாகக் கிடைக்காது. பத்து பத்து முழமாக இரண்டு துண்டு எடுத்தேன்.

அளவு அச்சாக வந்தது. மத்தியானம் எண்ணூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். திருவொற்றியூர் தாண்டி நேரான பாதையில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். கார் வலது பக்கம் இழுத்தது. அந்தத் தலைமுடிதான் தப்பு என்று நினைத்து வண்டியைத் திருப்பினேன். வரும் வழியில் மறுபடி கையை எடுத்தேன். இப்போது இடது பக்கம் இழுத்தது.

வலது பக்கம் இழுக்கிற கார் எந்தத் திசையில் போனாலும் வலது பக்கம்தான் இழுக்கும். இருபது வருஷத்தில் இதற்கு மாறாக நான் பார்த்ததே இல்லை. போகும்போது கடல் வலது பக்கம். வரும்போது கடல் இடது பக்கம். 

புதுக் கயிறு வாங்கி மூன்று நாள் அளந்தேன். பிசகே இல்லை. சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டேன். அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். கார் கடலைத்தான் பார்த்தது. நேராக நிறுத்திவிட்டுப் போனாலும், காலையில் வந்து பார்த்தால் முன்சக்கரங்கள் கிழக்கே திரும்பியிருந்தன. ரேஸ் வேண்டாம் என்று ஜேக்கப்பிடம் கெஞ்சினேன்.

"இன்னா மச்சான், பயந்துகினியா? நான் இறுக்கிப் புட்ச்சிக்கிறேன்," என்றான் அந்த மடையன்.

சனிக்கிழமை பச்சையம்மா வந்தாள். ஆணியைப் பார்த்தாள். கயிற்றின் வெட்டுப்பட்ட நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாருண்ணே அறுத்தது?"

"நான்தாம்மா." வெட்டியதையும் கார் ஒரு பக்கமாக இழுப்பதையும் சொன்னேன். காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன்.

"எந்தப் பக்கம் இய்க்குதுண்ணே?"

"கடல் பக்கம்."

அவள் முகம் மலர்ந்தது.  துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சுருளோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். மீன் கூடையைப் பட்டறையில் வைத்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"வுடுண்ணே. அது போற எடத்துக்குப் போவட்டும்."

திருவொற்றியூர் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துக் கையை எடுத்தேன். கார் தானாக ரோட்டை விட்டு இறங்கி, மணலில் ஊர்ந்து, அலை தொடும் இடத்தில் புதைந்து நின்றது. பச்சையம்மா இறங்கினாள். ஒரு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு சுருளைக் கடலில் வீசினாள். அது முழுகியது. பிறகு கயிறு ஓட ஆரம்பித்தது. அலைக்கு ஏற்றபடி அல்ல. அந்தப் பக்கம் யாரோ நிதானமாக, கை மாற்றிக் கை இழுப்பதுபோல. அவள் விடவில்லை. முழங்கால் தண்ணீர் இடுப்பளவு ஆனது.

"வுட்டுடும்மா!" என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். கயிறு என் கையிலும் உரசியது. அந்த இழுப்பு எனக்குத் தெரிந்த இழுப்பு. அவனோடு எத்தனை நாள் வலை இழுத்திருக்கிறேன்.

"யோவ்," என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். கையைத் திறந்தாள். கடல் தண்ணீரை அள்ளிப் பொட்டைத் தானே அழித்தாள்.

மறுநாள் ஜேக்கப் ரேஸ் ஓட்டிவிட்டு ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்தான். ஆனால் நான் மறக்காதது சனிக்கிழமை திரும்பி வந்த அந்தப் பாதைதான். நாலு பேர் தள்ளி மணலிலிருந்து காரை ஏற்றிவிட்டார்கள். ரோட்டுக்கு வந்ததும் கையை எடுத்தேன். கார் நேராக ஓடியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாரும்மா, நேரா போவுது!"

பச்சையம்மா ரோட்டைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி கைய எடுண்ணே."

எடுத்தேன். நேராகவே போனது.

"இன்னும் ஒரே வாட்டி."

ராயபுரம் வரும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் கையை எடுத்துக்கொண்டே வந்தேன். கார் ஒரு தடவைகூடக் கடல் பக்கம் திரும்பவில்லை.