கீழ்த்தெரு எழவில்லை

விடியலுக்கு விலை உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு. கீழ்த்தெருவின் விடியல் ஒரு புதன்கிழமை ஒற்றைச் சொல்லுக்கு விலைபோயிற்று. அதுவும் பேரம் பேசாமல், ரொக்கத்துக்கு. சொல்லைக் கொடுத்தவர் குடிநீர் அமைச்சர். வாங்கியவர் அந்தத் தொகுதியின் சபை உறுப்பினர், ஊர் மெத்தைக்காரர் என்று அழைத்த மனிதர். அவர் வாங்கப் போனது வேறு சரக்கு.

சந்தை முகப்பில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தவர் அவர். தேர்தலில் நின்றபோது, "மெத்தை விக்கிறவன சபைக்கு அனுப்பினா தூங்கத்தான் செய்வான்" என்று எதிரணி மேடைக்கு மேடை சொல்லிச் சிரித்தது. ஆனால் மதிய உணவுக்குப்பின் பாதிச் சபை கொட்டாவி விடும் அந்தக் கட்டடத்தில் ஒருநாளும் கண்ணயராதவர் அவர் ஒருவர்தான். கையைத் தூக்கிக்கொண்டே இருப்பார். ரயில் கட்டணம், துறைமுகச் சுங்கம், பஞ்சு இறக்குமதி என்று தேசத்துக்குப் பொதுவாக ஒன்று கேட்டால், கொசுறாக உள்ளூர்ச் சாக்கடை ஒன்றையும் சேர்த்துக் கேட்பார். கொசுறு கேட்டு வாங்காதவன் வியாபாரியே இல்லை என்பது அவர் கட்சி.

சபையில் கேள்வி கேட்பதற்கு ஓர் அச்சு இருந்தது. முதல் பகுதி, இன்னது உண்மையா என்று முடியவேண்டும். இரண்டாம் பகுதி, ஆம் எனில் என்று தொடங்கவேண்டும். அமைச்சர்கள் அந்த அச்சுக்கு ஏற்ற மூடி ஒன்று செய்து வைத்திருந்தார்கள். முதல் பகுதிக்கு 'இல்லை' என்பார்கள். முதலாவது இல்லையென்றால் இரண்டாவது கேள்விக்கே இடமில்லை அல்லவா? ஆகவே அதற்கு 'எழவில்லை' என்பார்கள். கேள்வி எழவில்லை என்று பொருள். காலப்போக்கில் 'கேள்வி' தேய்ந்துபோய் 'எழவில்லை' மட்டும் மிஞ்சியது. எது எழவில்லை, யார் எழவில்லை என்று யாரும் குறித்துச் சொல்லவில்லை. வினையெல்லாம் அந்த விட்டுப்போன எழுவாயில்தான் வந்தது.

அந்த வாரம் அவர் கேட்கவிருந்தது கீழ்த்தெருக் குழாயைப் பற்றி. சந்தைக்குப் பின்னால் சாயப்பட்டறைகளை ஒட்டி ஓடும் தெரு அது. குழாயைத் திறந்தால் தண்ணீர் பழுப்பாக வரும், அழுகிய தோலின் வாடையோடு. அவருடைய மனைவியின் தங்கை அந்தத் தெருவில்தான் குடியிருந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணி. மெத்தைக்காரர் சபைக்காகத் தலைநகரில் இருக்கும் நாட்களில் மனைவி தங்கைக்குத் துணையாக அங்கே போய்த் தங்குவது வழக்கம். அவர் கிளம்புகிற அன்று, எழுதிவைத்திருந்த கேள்வியை மனைவி வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உண்மையா உண்மையான்னு கேட்டா எவன் உண்மைன்னு ஒத்துக்குவான்? கடைக்கு ஒருத்தன் வந்தா 'மெத்தை வேணுமா'ன்னா கேக்கறீங்க? 'ஒத்தையா, ரெட்டையா'ன்னுதானே கேக்கறீங்க. அதே வாயை அங்கயும் கொண்டு போங்களேன்."

"சபைக்குன்னு ஒரு முறை இருக்குடி."

"முறையில முகம் கழுவ முடியுமா? என் தங்கச்சி வீட்டுத் தண்ணியில கழுவிட்டு வந்து அப்புறம் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ரயிலேறினார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எழுந்து நின்று கேட்டார்: (அ) கீழ்த்தெருவுக்கு வழங்கப்படும் குடிநீரில் துர்நாற்றம் வீசுவது உண்மையா? (ஆ) ஆம் எனில், அத்தெரு மக்களுக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? குடிநீர் அமைச்சர் எழுந்து, மூக்குக் கண்ணாடியைக்கூட மாட்டிக்கொள்ளாமல், "(அ) இல்லை. (ஆ) எழவில்லை" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். அடுத்த கேள்வி கலங்கரை விளக்கத்தைப் பற்றியது.

புதன்கிழமை கீழ்த்தெரு எழவில்லை.

பால்காரர்தான் முதலில் பார்த்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. மருத்துவர் வந்து வீடு வீடாக நாடி பிடித்தார். நாடி ஒழுங்காக ஓடியது, உடம்பு இளஞ்சூடாக இருந்தது, முகத்தில் நோவு இல்லை. சந்தையில் மூட்டை தூக்கும் இரண்டு பேரை வரவழைத்தார்கள். ஆளுக்கு இரண்டு மூட்டை சுமக்கிறவர்கள், ஒரு குழந்தையின் கையைப் படுக்கையிலிருந்து விரல்கடை உயர்த்த முடியாமல் வியர்த்து நின்றார்கள். பசி படுத்திருந்தவர்களைத் தொடவில்லை. நகம் வளரவில்லை. ஈ உட்காரவில்லை. பாதித் தெரு மெத்தைக்காரரின் கடைச் சரக்கின்மேல்தான் படுத்திருந்தது. சரக்கைப் பற்றி ஒரு புகாரும் வராத வாரம் அவர் வியாபாரத்தில் அது ஒன்றுதான். துர்நாற்றம் இல்லை என்று அமைச்சர் சொன்னதும் பொய்யாகவில்லை. மோந்து பார்க்க ஆள் எழுந்தால்தானே நாற்றம்?

பதினொரு மணிக்கு உதடுகள் அசைந்தன. தெருவில் படுத்திருந்த அத்தனை பேரும், பல் முளைக்காத பிள்ளை உட்பட, மூச்சளவுச் சத்தத்தில் ஒரே குரலில் கேட்டார்கள்: "துர்நாற்றம் வீசுவது உண்மையா?" பிறகு ஒரு நிறுத்தம். பிறகு, "ஆம் எனில்." அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல், யாரோ பதில் சொல்வார் என்று காத்திருப்பதுபோல் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தார்கள். சபையில் கேள்வி நேரம் முடிந்து மணி அடிக்கும் பொழுதுக்கு வாய்கள் மூடிக்கொண்டன. இது தினமும் நடந்தது. முதல் நாள் கேட்டவர்கள் ஓடினார்கள். நான்காம் நாள் சந்தைக்காரர்கள் அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

மெத்தைக்காரர் ஊர் திரும்பி, நேராகக் கொழுந்தியாள் வீட்டுக்குப் போனார். கூடத்தில் தங்கையும் அக்காவும் ஒருவர் பக்கம் ஒருவர் முகம் திருப்பிப் படுத்திருந்தார்கள், பேச்சை நடுவில் விட்டவர்கள்போல. தங்கையின் வயிறு ஏழாம் மாதத்திலேயே நின்றிருந்தது. அவர் மனைவியின் காதருகே குனிந்து, "ஏய், வந்துட்டேன். எழுந்திரு" என்றார். பிறகு, "நீ சொன்னதுதான் சரி. போதுமா? எழுந்திரு" என்றார். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அதற்கும் அவள் எழாததைக் கண்டபோதுதான் நிலைமை அவருக்கு விளங்கியது.

அடுத்த அமர்விலேயே துணைக் கேள்வி எழுப்பினார். கீழ்த்தெரு மக்கள் கண் விழிக்காமல் கிடப்பதை அமைச்சர் அறிவாரா? "பரிசீலனையில் உள்ளது" என்றார் அமைச்சர். அன்று மாலை கீழ்த்தெருவின் கண்கள் பாதி திறந்து, அப்படியே நின்றுவிட்டன. உறவினர்கள் அந்தப் பார்வையைத் தாங்காமல் முகங்களின்மேல் துணி போட்டார்கள். அவர் மறுபடி எழுந்தார். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தது. மறுநாள் தெருவிலிருந்த செருப்பு, சீப்பு, சாவி, மூக்குக் கண்ணாடி எல்லாம் தெருமுனையில் ஒரே குவியலாகத் திரண்டு கிடந்தன. எடுத்துப்போய் வீட்டில் வைத்தால் காலையில் மறுபடி குவியல். அந்தத் தெருவில் தாய் எழாமல் கிடந்த வண்டிக்காரர் ஒருவர் கடை வாசலில் வந்து நின்று, கும்பிட்டபடி சொன்னார்: "ஐயா, நீங்க கேட்ட வரைக்கும் போதும். இன்னொரு பதில் வந்தா எங்களால தாங்க முடியாது."

மெத்தைக்காரர் அன்று கடையைத் திறக்காமல் யோசித்தார். 'இல்லை' என்ற சொல்லால் விழுந்தவர்கள் 'ஆம்' என்ற சொல்லால்தான் எழுவார்கள். ஆனால் அந்த அமைச்சர் ஒன்பது வருடப் பதவியில் ஒருதடவைகூட 'ஆம்' சொன்னவரல்லர். மகளின் கல்யாணத்தில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதற்கே பரிசீலிப்பதாகச் சொன்னவர் என்று பேச்சு. சபையின் தேநீர் அறையில் அவரைப் பிடித்தார்.

"இங்க பாருங்க மெத்தைக்காரரே, எனக்கும் வருத்தம்தான்" என்றார் அமைச்சர். "ஆனா 'ஆம்'னு ஒரு தடவை சொல்லிட்டா அடுத்து 'எப்போ'ம்பீங்க, அதுக்கடுத்து 'யாரால'ம்பீங்க. 'இல்லை'ன்னா கடையைச் சாத்திட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடலாம்."

"நீங்க வாய் நிறைய 'ஆம்' சொல்ற மாதிரி நானே எழுதித் தர்றேன்."

"நமக்கு நஷ்டம் வராம?"

"லாபமே வர்ற மாதிரி."

அமைச்சர் இன்னொரு தேநீருக்குச் சொன்னார். அந்தக் கோப்பை ஆறுவதற்குள் பேரம் படிந்தது. கேள்வி இது: (அ) கீழ்த்தெருவுக்குத் தூய குடிநீர் சிறப்பாக வழங்கப்பட்டு வருவது உண்மையா? (ஆ) ஆம் எனில், அத்தெருவில் உள்ளோர் நாள்தோறும் மனநிறைவுடன் எழுகின்றனரா? எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து பத்து வருடம் கேட்ட கேள்விகளையெல்லாம் புதைக்கும் குழி அது என்று மெத்தைக்காரருக்குத் தெரியும். ஆனால் பாதி திறந்த கண்களுடன் மனைவி கிடக்கிறாள். கேள்விப் பிரிவு அதிகாரி தாளை வாங்கி, சிவப்புப் பேனாவால் ஒரு சொல்லின்மேல் கோடிழுத்தார். "'உள்ளோர்'னா வழியில போறவங்ககூட அடங்கிடுவாங்க சார். 'குடியிருப்போர்'னு திருத்திடறேன், சுத்தமா இருக்கும்." மெத்தைக்காரர் அவசரத்தில், "எதுவா இருந்தா என்ன, சீக்கிரம் போடுங்க" என்று கையெழுத்துப் போட்டார். கடையில் ஒரு முழம் உறைத்துணியைக்கூட அளக்காமல் வாங்காத மனிதர்.

"(அ) ஆம்" என்றார் அமைச்சர், சபை திகைக்க. "(ஆ) எழுகின்றனர்." ஆளும் தரப்பு மேசையைத் தட்டியது. மெத்தைக்காரர் அந்தச் சத்தம் அடங்குமுன் ரயில் நிலையத்தில் இருந்தார்.

மறுநாள் காலை அவர் தெருமுனையில் இறங்கும்போதே கீழ்த்தெரு எழுந்திருந்தது. வாசல்கள் திறந்து கிடந்தன. வண்டிக்காரரின் தாய் குழாயடியில் நின்று குடம் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அதே பழுப்பு, அதே வாடை. மெத்தைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் அந்த அம்மாள் குடத்தைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து வாசல்காரர் வாய் கொப்பளித்துவிட்டுச் சிரித்தார். தெரு முழுக்க ஒரே அளவில் வெட்டி ஒட்டிய அதே சிரிப்பு. கொழுந்தியாள் வயிற்றைத் தாங்கியபடி வாசலுக்கு வந்து ஒரு தம்ளரை நீட்டினாள். "குடிங்க மாமா. ரொம்ப நல்லா இருக்கு."

"அக்கா எங்கம்மா?"

"தூங்கறா" என்று அதே சிரிப்போடு சொன்னாள்.

கூடத்தில் மனைவி கிடந்தாள், பாதி திறந்த கண்களோடு. அவள் அந்தத் தெருவில் குடியிருப்பவள் அல்லள். வீட்டுவரி, வாக்காளர் அட்டை எல்லாம் மெத்தைக்கடை மாடி முகவரியில். வந்து தங்கியவள், விருந்தாளி. சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான். பதினொரு மணிக்கு, சிரித்துக்கொண்டு வேலை பார்க்கும் அந்தத் தெருவில், அவளுடைய உதடு மட்டும் அசைந்தது: "துர்நாற்றம் வீசுவது உண்மையா?"

அவர் ஓடிப்போய் அமைச்சரைப் பார்த்தார். இப்போது அமைச்சருக்கு 'ஆம்' பிடித்துப்போயிருந்தது. செய்தித்தாள்கள் படம் போட்டிருந்தன. "இதென்ன பிரமாதம்! 'விருந்தினராகத் தங்கியிருப்போர் மனநிறைவுடன் எழுகின்றனரா'ன்னு ஒண்ணு போடுங்க. நான் 'எழுகின்றனர்'னு சொல்லிட்டுப் போறேன். இந்தத் தடவை தேநீர் என் கணக்கு." கேள்வி பட்டியலில் ஏறியது. அமர்வுக்கு முந்தின நாள் அவர் மனைவியின் அருகே ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். வெளியே பிள்ளைகள் அழாமல் விழுந்து, அழாமல் எழுந்து, சிரித்தார்கள். தன் மனைவி அப்படிச் சிரித்துக்கொண்டு தம்ளரை நீட்டுவதை எண்ணிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கத் தெரியாத அவளை எண்ணிப் பார்த்தார். பதினொரு மணிக்கு அவள் கேட்டாள், "ஆம் எனில்" என்று நிறுத்தி, வாய் திறந்து காத்திருந்தாள். அந்தத் தெருவில் இன்னும் எதற்காகவாவது காத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் அவைத்தலைவர் அவர் பெயரை அழைத்தார். மெத்தைக்காரர் எழுந்து, அச்சிட்ட கேள்வியைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார், 'உண்மையா' இல்லாமல், 'ஆம் எனில்' இல்லாமல்: "கீழ்த்தெருக் குழாயை எந்தத் தேதியில் மாற்றப்போகிறீர்கள், இந்த மாதமா, அடுத்த மாதமா?" அமைச்சர் எழுந்தார். 'இல்லை' பொருந்தவில்லை. 'எழவில்லை' பொருந்தவில்லை. 'ஆம்' என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்; சபை சிரித்தது. கேள்வி முறையாக இல்லை என்று அவைத்தலைவர் ஒத்திவைத்தார். மெத்தைக்காரர் அடுத்த அமர்விலும் அதையே கேட்டார், அதற்கடுத்ததிலும்.

அதன்பின் மூன்று குடிநீர் அமைச்சர்கள் வந்துபோனார்கள். அவர் ஒருமுறை தோற்றார், இருமுறை வென்றார். தலை நரைத்தது, மனைவியின் கூந்தலில் ஒரு வெள்ளிகூட விழவில்லை, இப்போது பார்ப்பவர்கள் மகள் என்கிறார்கள். கொழுந்தியாளின் பெண் அழாமலே பிறந்து, பெரியம்மாவின் வாயசைவைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினாள். சபை கூடாத நாட்களில் மெத்தைக்காரர் பதினொரு மணிக்கு அந்தக் கூடத்தில் இருப்பார். அவள் கேட்பாள். "வாடைதான்டி. நாறுது" என்பார். அவள் "ஆம் எனில்" என்பாள். அதற்குமேல் சொல்ல அவரிடம் சரக்கு இல்லை. தெரு அதைக் கடந்து போய் வரும், யாரும் நின்று பார்ப்பதில்லை.

இன்றைய தேதிக்கு அந்தத் தெருவின் கணக்கு இப்படி நிற்கிறது: குடியிருப்போர் இருநூற்று நாற்பத்தொருவர், எழுந்தோர் இருநூற்று நாற்பத்தொருவர், குறைபாடு ஏதுமில்லை. விருந்தாளி ஒருவர். கேள்வி ஒன்று. பதில் வரவேண்டியிருக்கிறது.