தடுப்புக்கு அந்தப் பக்கம்

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு கலகலக்கும்போதெல்லாம் வெரோனிகா டீச்சருக்கு வயிறு எரிந்தது. செஞ்சியில் இருபது வருஷமாக அறிவியல் நடத்துகிறவள் அவள். நேற்று வந்த சுமலதா கேள்வி கேட்கிறாளாம், பிள்ளைகள் பதிலுக்கேற்ப அட்டையைத் திருப்பித் தூக்குகிறார்களாம், செல்போனைக் காட்டினால் யார் சரி, யார் தப்பு என்று தெரிந்துவிடுகிறதாம். இதெல்லாம் ஒரு பாடமா?

ஒருநாள் அந்த அட்டைகளையும் போனையும் கேட்டு வாங்கிவந்து, போனிலிருந்த முதல் கேள்வியைத் தன் ‘அ’ பிரிவில் வாசித்தாள். ராஜகிரி மலை உச்சியில் காற்றழுத்தம் கூடுமா, குறையுமா? நாற்பது அட்டைகள் உயர்ந்தன. போனைக் காட்டினாள்; திரையில் நாற்பதும் பச்சை, எல்லாம் சரி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீங்களா, நான் நடத்துனா எப்டி மனசுல நிக்குதுன்னு!”

முன்பெஞ்சு லூசி எழுந்தாள். “இந்தப் பாடம் நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மிஸ். சுமலதா மிஸ் நடத்துனது இங்க நல்லா கேட்டுச்சு.”