ஒன்பது வருஷத்து அழுகை

"அழு!"

பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்த சரோஜம்மாள், மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்து அதட்டினாள்.

"வந்து ஒரு மணி நேரமாச்சு. உன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலியேடி, ரங்கம்மா? எங்க மாமியார் செத்தது உனக்குக் குளிர்ச்சியா இருக்குதா?"

சாணிக் குழியை ஒட்டி, சேரிப் பெண்கள் நாலு பேரோடு ரங்கம்மா நின்றிருந்தாள். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் அது. ஈக்கள் குழிக்கும் பிணத்துக்கும் போய்ப் போய் வந்தன. ஈக்களுக்கு மட்டும் அந்த வீட்டில் தடை இல்லை.

மணியக்காரர் நாராயணப்பன் வீட்டில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து ஒருவன் உறவுக்காரர் ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய்ச் சேதி சொல்ல வேண்டும். பெண்கள் வந்து மாரடித்து அழ வேண்டும். வீட்டுக்காரர்கள் அழமாட்டார்களா? அழுவார்கள், உறவினர் வண்டி வாசலில் வந்து நிற்கும்போது. மற்ற நேரத்துக்கு ஆள் உண்டு. ஏர் ஓட்ட ஆள், களை எடுக்க ஆள், அழவும் ஆள். மணியக்காரர் மனைவி சரோஜம்மாள் சற்றுமுன்தான் உள்ளே போய் இரண்டாவது டம்ளர் காபி குடித்துவிட்டு வந்திருந்தாள். உதட்டோரத்தில் நுரை இன்னும் காயவில்லை.

ரங்கம்மாவுக்கு அழத் தெரியாமல் இல்லை. கெலமங்கலம் வட்டாரத்தில் அவளைப் போல ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. ஆனால் இன்று ஒப்பாரியில் ஓர் அடிகூட வாயில் வரவில்லை. செத்துக் கிடப்பவள் மணியக்காரரின் தாய் சென்னம்மாள் அல்லவா!

ஆனாலும் அழுதே ஆக வேண்டும். அவள் மகன் ஆஞ்சப்பனின் படிப்பு அந்த அழுகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சேலத்தில் இன்டர்மீடியட் தேறி, சென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர மனுப் போட்டிருந்தான் ஆஞ்சப்பன். நாலு நாளைக்கு முன்னால் கடிதம் வந்தது. இடம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 'தங்கள் மனு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. கிராம அதிகாரியின் நன்னடத்தைச் சான்று பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேராவிடில் நிராகரிக்கப்படும்.'

இன்று பன்னிரண்டு. மாலைத் தபாலில் ஓசூரிலிருந்து போனால்தான் உண்டு.

மூன்று நாளும் கிராம அதிகாரியான மணியக்காரர் வாசலில் நின்றான். மூன்று நாளும் "நாளைக்கு வாடா" என்றார் நாராயணப்பன். இன்று விடிகாலையில் அவர் தாய் செத்தாள். இப்போது வேறு பேச்சு.

"தொரப்பள்ளிக்கும் சூளகிரிக்கும் போயி சேதி சொல்லிட்டு வா. உங்கம்மா வந்து முறைப்படி அழட்டும். அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம். பி.காமாம் பி.காம்! படிச்சு யாரு கடைய நடத்தப் போற? எங்க கடையவா?"

ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போன ஆஞ்சப்பன் மூன்று மணிக்குத்தான் திரும்பினான். முழங்கால் வரை புழுதி. கொட்டகைப் பக்கம் வந்து தாயைப் பார்த்தான். அழுதாயா என்று கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போது ஆனேக்கல் வண்டி வந்து நின்றது. மணியக்காரரின் தங்கையும் அவள் புருஷன் கிருஷ்ணப்பனும் இறங்கினார்கள். வண்டியைக் கண்டதும் சரோஜம்மாள் "அய்யோ அத்தே!" என்று பிணத்தின்மேல் விழுந்தாள். விழுமுன் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

கிருஷ்ணப்பனின் முகத்தைப் பார்த்த ரங்கம்மா முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

இவன் கல்யாணம் இந்த வீட்டில் நடந்து ஒன்பது வருஷம். அந்தக் கல்யாணத்துக்குப் பூப் பறிக்கப் போன இடத்தில்தான் ரங்கம்மாவின் ஆறு வயது மகளைப் பாம்பு தீண்டியது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தவள் முன்னால், பத்தடி தள்ளி வந்து நின்றாள் சென்னம்மாள்.

"மூச்சு! கல்யாண வீட்டுக்கு அழுகச் சத்தம் கேக்கக் கூடாது. மாப்பிள்ள வீட்டாருக்குத் தெரிஞ்சா தாலி கட்டாம எழுந்து போயிடுவாங்க. மூணு நாளைக்கு வாயத் தொறந்தே, சேரிய விட்டே தொரத்திருவேன்."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ரங்கம்மா மகளைப் புதைத்தாள். அந்தப் பக்கம் மேளம் கொட்டியது. மூன்று நாள் கழித்து அழலாம் என்று பார்த்தால் அழுகை வரவில்லை.

இப்போது வந்தது.

"பூப் பறிக்கப் போன புள்ள
பொழுதாயும் திரும்பலியே!
வாயக் கட்டிப் பொதச்சேனே,
வயிறாற அழலியே!"

மாரில் விழுந்த அடி கொட்டகை வரை அதிர்ந்தது. யாருக்கு அழுகிறாள் என்று கூட நின்ற நாலு பேருக்கும் புரிந்துவிட்டது. அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கயிற்றுக் கட்டிலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் மடித்த கையோடு அப்படியே இருந்தார்கள்.

"எஷ்டு சென்னாகி அள்தாளே!" என்று கன்னடத்தில் மெச்சினான் கிருஷ்ணப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எவ்வளவு நல்லா அழறா! எங்க பக்கத்துல இப்படி அழ ஆளே இல்ல மச்சான். பெத்தவ செத்த மாதிரி அழறாளே!"

நாராயணப்பன் பெருமையாகத் தலையை ஆட்டினார். ஒப்பாரியின் அடுத்த அடி காதில் விழுந்ததும் தலை நின்றுவிட்டது.

"மேளச் சத்தம் கேக்கயில
மண்ணு தள்ளி மூடினேனே!
முனிலட்சுமீ..."

"முனிலட்சுமி யாரு?" என்றான் கிருஷ்ணப்பன். "அத்த பேரு சென்னம்மாதானே?"

நாராயணப்பனுக்கு வேர்த்துவிட்டது. தங்கைக்கு இன்னும் குழந்தை இல்லை. கல்யாணத்தில் என்ன குறை என்று ஆனேக்கல்காரர்கள் மூன்று ஜோசியரைப் பார்த்தாயிற்று. பந்தலுக்குப் பூப் பறிக்கப் போய்க் குழந்தை செத்த கதை தெரிந்தால், தங்கை இன்றே பிறந்த வீட்டில் விடப்படுவாள்.

"அது... குலதெய்வத்துப் பேரு, மாப்பிள்ளே" என்றார்.

ரங்கம்மா நிறுத்தினாள். மணியக்காரரை நேராகப் பார்த்தாள். அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தாள்.

"போதும் போதும்! என்னா வேணும் உனக்கு?"

"எம் மவன் காயிதம், சாமி."

"குடுங்க மச்சான், இந்த அழுகைக்கு எது குடுத்தாலும் தகும்" என்றான் கிருஷ்ணப்பன், எதுவும் புரியாமல்.

நாராயணப்பன் உள்ளே போனார். வெகு நேரம் எழுதினார். முத்திரை குத்தி, காகிதத்தை மடித்து, ஆஞ்சப்பன் காலடியில் விழும்படி போட்டார். போடும்போது அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

கெலமங்கலம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில் ஆஞ்சப்பன் அதைப் பிரித்தான். படித்தவன் முகம் கறுத்தது.

"என்னா எழுதியிருக்கான்? சத்தமாப் படி."

"'மேற்படியான் தன் நிலை அறிந்து நடப்பவன். இவனுடைய தாயும் எங்கள் வீட்டுச் சாவுக்கு முறை தவறாமல் வந்து அழுதாள். ஆகவே நன்னடத்தை உள்ள குடும்பம்.'"

ஆஞ்சப்பன் புழுதியில் காறித் துப்பினான். "இத எப்படிம்மா அனுப்புறது?"

ரங்கம்மா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"கீழ எடம் இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப எழுது. நான் யாருக்கு அழுதேன்னு எழுது."

"சான்றுல நாம எழுதக் கூடாதும்மா. இதப் பாத்துட்டு சேத்துக்கலைன்னா?"

"சேத்துக்கலைன்னா அங்கயும் ஒரு மணியக்காரன்தான் உக்காந்திருக்கான்னு தெரிஞ்சுக்கலாம். எழுதுடா."

ஓசூர் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. ஆஞ்சப்பன் முழங்காலில் காகிதத்தை வைத்து, மணியக்காரரின் முத்திரைக்குக் கீழே எழுதினான்:

'மேலே கண்டது பொய். என் தாய் அழுதது, ஒன்பது வருஷத்துக்கு முன் இதே வீட்டுக் கல்யாணத்துக்காக அழக் கூடாது என்ற உத்தரவோடு புதைக்கப்பட்ட என் தங்கை முனிலட்சுமிக்கு. வயது ஆறு.'