லைனஸ் உரித்த பாக்கு

லைனஸ் வந்த படகைக் கவிழ்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் மாமனாரைக் காட்டிக்கொடுத்துச் சாகடித்தவன் அவன்.

போர்க் காலத்தில் அவனும் என் மனைவி மருசியும் இணைபிரியாத பிள்ளைகள். தன் அப்பா ஒளிந்திருந்த குகையை அவனுக்கு மட்டும் காட்டியிருந்தாள். சிப்பாய்கள் அவனைப் பிடித்து, "அருவிக்குப் பின்னாலயா?" என்று கேட்டபோது அவன் வாயே திறக்கவில்லை. புருவத்தை உயர்த்தினான். எங்கள் பூகன்வில் தீவில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். மாமனார் பிணமாகக்கூடத் திரும்பவில்லை. லைனஸின் குடும்பம் கடல் தாண்டிச் சாலமன் தீவுகளுக்கு ஓடிப்போனது.

"சின்னப் பையன், புருவம் தானா ஏறியிருக்கும்" என்று ஊரார் சப்பைக்கட்டுக் கட்டுவார்கள். மருசியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

இப்போது லைனஸ் நரைத்த தலையோடு வந்து, எங்கள் முற்றத்தில் மருசியிடம் ஒரு பச்சைப் பாக்கை நீட்டினான். அவள் வாங்கினால் அவனுக்கு ஊர் உண்டு. இல்லையென்றால் வந்த படகிலேயே திரும்ப வேண்டியதுதான்.

"வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்க மருசி. புருவம் தானா ஏறல. நானேதான் தூக்கினேன். பிஸ்கட் காட்டினாங்க."

கத்தியை எடுக்க நான் எழுந்தேன்.

"நீ உக்காருய்யா. இது என் அம்மா வழி மண்ணு, நீ வீட்டோட வந்த மாப்பிள்ளை" என்றாள் மருசி. பிறகு அவனைப் பார்த்து, "தின்னியா?" என்றாள்.

"தின்னேன்."

"எப்படி இருந்துச்சு?"

"இனிப்பா இருந்துச்சு."

மருசி சுண்ணாம்புக் குடுவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த வருஷம் உப்புக்கும் வழியில்ல. எனக்கும் பசிதான்" என்றாள். "அந்தப் பாக்க நீயே உரிச்சுக் குடு."

பகையாளி உரித்த பாக்கை எங்கள் ஊரில் நாய்கூட முகராது. விஷம் வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அவன் பல்லால் உரித்துக் கொடுத்தான். மருசி அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பாதியைக் கடித்து, சுண்ணாம்பு தொட்டு மென்றாள். லைனஸ் மண்ணில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.

இத்தனை வருடம் இவளோடு படுத்து எழுந்திருக்கிறேன். இவள் யாரென்று அன்றுதான் தெரிந்தது.

மீதிப் பாதியை என் பக்கம் நீட்டினாள்.

"என்னய்யா முழிக்கற? மெல்லு."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.