சகலை வண்டிக்குப் போன கரண்ட்

இதில் ஓர் எழுத்து பொய் என்றாலும், வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இந்தத் தாளின் மேலேயே உதிரட்டும்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உலகத்தில் ஒரே ஒரு வியாதிதான். அதன் பெயர் சகலை. மனைவியின் அக்காள் புருஷன், ஜவுளிக்கடைக்காரர். இருவரும் ஆளுக்கொரு பழைய லாரி வாங்கி, படுக்கை, அடுப்பு, ஏசி எல்லாம் வைத்துப் பாலைவனம் தாண்டும் வீட்டுவண்டியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாமனார் யார் வண்டியில் ஏறுவார் என்பதுதான் கேள்வி. கல்யாணமான நாளிலிருந்து அவர் பெரிய மாப்பிள்ளை பக்கம்தான்.

சகலை வண்டிக் கூரையில் நாலு சோலார் பேனல் ஏறியது. மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. அந்தச் சூட்டில் ஒரு குடும்பத்துக்குச் சமைத்திருக்கலாம். அவர் எட்டு ஏற்றினார். அதன் பிறகு மேகங்கள் அந்த வண்டியைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டன. பழைய பேட்டரிகளை எறிந்துவிட்டுப் பெரிய லித்தியம் பேட்டரி, தும்பிக்கைப் பருமனில் ஒயர். பேட்டரிக்குத் தீங்கு வரக் கூடாதென்று, சார்ஜ் சற்று இறங்கினாலே ஏசியை நிறுத்திவிடும் காவல் ரிலே ஒன்றும் வைத்தார்.

"இவ்வளவு செஞ்சும் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"அவர் வண்டி ஜன்னல்ல திரை பார்த்தியா?"

"அத்தான் துணிக்கடை வச்சிருக்கார். திரை போடாம லிஃப்டா மாட்டுவார்?"

கடைசியில் மாமனாரே வழி சொன்னார். "ரெண்டையும் கொட்டகைக்குள்ள நிறுத்துங்க மாப்ளே. வெயில் படாம, பேட்டரியிலயே ஏசி ஓடட்டும். பொழுது சாயுறப்ப எது ஓடுதோ, அதுல நான்."

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்ந்தார்கள். சகலையின் ஏசி கவலையே இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலைப் பொறுக்க முடியாமல் மெக்கானிக் வண்டிகளுக்கு அடியில் தவழ்ந்து போய், இரண்டு பேட்டரிகளையும் கிளிப் போட்டு ஒயரால் இணைத்தார், சகலையின் கரண்டை உறிஞ்சிவிடலாம் என்று.

நிறைந்த பேட்டரியிலிருந்து குறைந்ததற்குத்தான் கரண்ட் பாயும் என்பது அவருக்கு அரிச்சுவடி. சகலையிடம் இருப்பதுதான் நிறைவு, தன்னிடம் இருப்பது குறைவு என்பதும் அதே அளவுக்கு அரிச்சுவடி. மீட்டர் சட்டைப் பையிலேயே இருந்தது. வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய காவல் ரிலே 'டிக்' என்றது. ஏசி நின்றது. சகலை வண்டியிலோ காவலும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. வந்த கரண்டையெல்லாம் குடித்துவிட்டு ஏசி ஊளையிட்டது. பொழுது சாய்ந்ததும் உள்ளே எட்டிப் பார்க்கப் போன மாமனார், மீசையெல்லாம் பனியோடு இறங்கினார்.

"பெரிய மாப்ளே, ஸ்வெட்டர் இருக்கா?"

மாமனாரின் பெட்டி சகலை வண்டியில் ஏறியது. பின்னாலேயே மனைவியின் பையும் ஏறியது. "அப்பாவுக்குத் துணைக்கு," என்றாள்.

சகலை மெக்கானிக்கைத் தனியே இழுத்துப்போனார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சகலை. காலையில என் பேட்டரியில பாதிகூட இல்ல. உங்க வண்டியப் பார்த்ததுலேர்ந்து வயித்தெரிச்சல்ல எனக்குத் தூக்கமே கிடையாது. எப்படி ஓடுச்சுன்னே புரியல."

மெக்கானிக் அப்போதுதான் கழற்றி எடுத்துவந்த கிளிப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார். அதைக்கூட வாய்விட்டுக் கொண்டாட வழியில்லை.

"நல்ல பேட்டரிண்ணே," என்றார்.

மறுநாள் பயணம் கிளம்பியது. மணல்மேடு, மலைக்கணவாய் என்று வழி நெடுக, சகலை வண்டி கிளப்பிய புழுதியை விழுங்கிக்கொண்டே மெக்கானிக் பின்னால் ஓட்டினார். முன் வண்டியின் ஜன்னல் திரையை விலக்கி மாமனார் அவ்வப்போது கையசைத்தார்.

இரண்டு வண்டிகளுக்கும் இன்றுவரை எஞ்சின் பொருத்தவில்லை.