உட்கார ஒரு சோபா

மகள் குட்டிக்குப் பள்ளிக்கூடக் காலுறையை மாட்டிவிடும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். இடது கெண்டைக்காலின் பின்பக்கம் மூன்று சிவப்புத் தடிப்புகள், அளந்து வைத்தாற்போல ஒரே வரிசையில். ஏழு வயதுக் குட்டி ரொட்டியை மென்றுகொண்டே, கொசு என்றாள். அவளும் ஆமாம், கொசுதான் என்றாள். காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டாள். கொசு கண்ட இடத்தில் கடித்துவிட்டுப் போகும். வரிசை பிடித்துக் கடிக்காது. வரிசையாகக் கடிப்பது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். எட்டு வருடமாக நீராவி இஸ்திரி. மாடி அறைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளில் எப்போதாவது ஒரு மூட்டை மட்டும் மஞ்சள் பையில் கட்டி வரும். மஞ்சள் பை வந்தால் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். கையுறை போட்டு, பையைப் பிரிக்காமலே கொதிநீர் இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். மூட்டைப்பூச்சி எப்படி இருக்கும், அதன் முட்டை எப்படி இருக்கும், கடித்தால் தோல் எப்படித் தடிக்கும் என்றெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கூடவே ஒரு விதியும் சொன்னார்கள். ஊழியர் வீட்டில் பூச்சி இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். வீடு சுத்தமாகிவிட்டது என்று கடிதம் வாங்கிக் கொடுக்கும்வரை வேலைக்கு வரக் கூடாது. அப்படி உண்மையைச் சொன்ன ஒருத்தி போனவள் போனவள்தான். அவளுடைய இஸ்திரி மேசையில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்ப நீதிமன்றத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி இந்த வீட்டைப் பார்க்க வரப்போகிறார்.

குட்டியின் அப்பாவைப் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குழந்தை தன்னிடம்தான் வளர வேண்டும் என்று அவர் மனுப் போட்டிருந்தார். பதினோரு பக்கம். பத்துப் பக்கத்தை அவளால் கோபத்தோடு வாசிக்க முடிந்தது. நான்காம் பக்கத்தில் ஒரு வரியில் மட்டும் கோபம் வரவில்லை. 'உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாத வீட்டில் குழந்தை தரையில் வளர்கிறது.' பொய்யாக இருந்தால் சண்டை போடலாம். அது உண்மை. இரண்டு பெட்டி, ஒரு மெத்தை, நான்கு பாத்திரங்களோடு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். முன்னறையில் ஒரு சாமானும் இல்லாததால் பேசினால் எதிரொலித்தது. குட்டி அதற்காகவே நடு அறையில் நின்று கத்திப் பாடுவாள்.

அண்ணன் பார்சல் வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி சும்மா நிற்கும். இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் பழைய சாமான் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். எதைத் தொட்டாலும் கடைக்காரர், வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாடு போனவர்களுடைய சாமான் என்பார். "ஊரே வெளிநாடு போயிருச்சு போல. நாம ரெண்டு பேருதான் மிச்சம்," என்றான் அண்ணன். ஒரு வட்ட மேசை கிடைத்தது. கால் ஒன்று குட்டை, அடியில் ரப்பர் துண்டு ஒட்டினாள். முதுகுப் பலகை இல்லாத புத்தக அலமாரி கிடைத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளையடித்தாள். துணிக்கூடு ஒரு பக்கம் கருகிப்போன விளக்கை, கருகிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். ஹோட்டலில் கழித்துப் போட்ட விரிப்புகளைக் கேட்டு வாங்கி, நீலச் சாயம் முக்கி, திரைச்சீலை தைத்தாள். அண்ணன் எங்கிருந்தோ கொண்டுவந்த மிச்சப் பெயின்ட் ஒரு சுவருக்குத்தான் வந்தது. பணக்காரர்களும் ஒரு சுவருக்கு மட்டும்தான் அடிக்கிறார்கள் என்று அவன் சமாதானம் சொன்னான். நின்று பார்த்தால் அது நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. ஓர் அறையை இப்படித் தன் இஷ்டத்துக்கு அமைத்துப் பார்ப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கடைசியாக வந்தது சோபா. சாம்பல் நிறம், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கடையின் மூலையில் அதைப் பார்த்ததுமே அறை முழுமையாகிவிட்டது போல அவளுக்குத் தோன்றியது. கைப்பிடியைத் தடவினாள், உட்கார்ந்தாள், எழுந்து விலை பேசினாள். எட்டு வருடமாக மஞ்சள் பைகளைப் பார்த்தவள், மெத்தையின் தையல் ஓரத்தை ஒரு தடவை விரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்றுதான் பார்க்காமல் விட்டோம் என்று இப்போது தோன்றியது. சோபா வந்த இரண்டு வாரமாகக் குட்டி பள்ளிவிட்டு வந்ததும் அதில்தான் கிடக்கிறாள். இடது மூலையில், காலை மடக்கிக்கொண்டு.

குட்டியைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, வேலைக்குப் போகும்முன் கதவைத் தாழிட்டாள். இடது மூலை மெத்தையைத் தூக்கினாள். பேருந்து அட்டையின் முனையால் தையலை மெல்ல விரித்தாள். முதலில் மைப்புள்ளிகள் போலச் சில கரும்புள்ளிகள். பிறகு உரித்துப் போட்ட தோல், வெங்காயச் சருகு மாதிரி. அட்டையை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தியதும், பழுப்பாக, தட்டையாக ஒன்று வெளிச்சம் பட்டு மெத்தைக்குள் விறுவிறுவென ஓடியது. அவள் மெத்தையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். கை தானாக உடம்பெல்லாம் தேய்த்தது. தன் வேலை உடுப்பு சோபாவின் முதுகில் மடித்துக் கிடப்பதை அப்போதுதான் பார்த்தாள். தினமும் அதை அங்கேதான் போடுகிறாள். தினமும் அங்கிருந்து எடுத்துத்தான் ஹோட்டலுக்குப் போட்டுக்கொண்டு போகிறாள்.

அண்ணனுக்கு போன் செய்து சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, வண்டியைக் கொண்டுவருகிறேன், தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்றான்.

"போட்டுட்டா சனிக்கிழமை அவங்க எங்க உக்காருவாங்க?"

போடாவிட்டாலும் பயம், போட்டாலும் பயம். போட்டால் நான்காம் பக்கத்து வரி அப்படியே நிற்கும். போடாமல் விட்டால், பூச்சிக்கடியோடு ஒரு குழந்தை என்று பன்னிரண்டாம் பக்கத்தில் புது வரி சேரும். மருந்தடிக்க ஆள் கூப்பிட்டால் மூன்று நாள் வீட்டில் இருக்கக் கூடாது என்பார்கள். மூன்று நாள் எங்கே இருந்தீர்கள், ஏன் போனீர்கள் என்ற கேள்வி வரும். நீதிமன்றத்தில் போன் செய்து தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லலாமா என்று எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அம்மாவிடம் கைநீராவிக் கருவியைக் கேட்டாள். வீட்டில் திரைச்சீலை சுருங்கிக் கிடக்கிறது, நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றாள். அந்த அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார். அந்தப் பார்வை வீடு வரைக்கும் அவள் கூடவே வந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்து சோபாவைக் கவிழ்த்தான். அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியை ஆணி பெயர்த்துக் கழற்றினார்கள். துணியில் நிறைய இருந்தன. அண்ணன் துணியைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டு வாயைக் கட்டினான். நீராவியை அவசரப்பட்டுக் காட்டினால் பூச்சி சிதறி ஓடி வீடு முழுக்கக் குடியேறிவிடும். ஒவ்வொரு விரற்கடையிலும் நிறுத்தி, முட்டைவரை வேக விட வேண்டும். அவள் ஓரம் ஓரமாக நகர்ந்தாள். திரைச்சீலை ஈரத்தில் துவண்டது, ஜன்னல் கண்ணாடி வேர்த்தது, புதுப் பெயின்ட்டிலிருந்து நீர் கோத்து இறங்கியது. எத்தனை செத்தன என்று பார்க்க முடிந்தது. எத்தனை தப்பின என்று பார்க்க வழியில்லை. பயம் முழுக்க அந்தப் பார்க்க முடியாத கணக்கில்தான் இருந்தது.

குட்டி படுக்கையறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் புதிதாக இரண்டு தடிப்பு. குட்டிக்கு மருந்து தடவி, நாளைக்கு நீளக் கால்சட்டை போட வேண்டும், வருகிற அதிகாரி அம்மா முன்னால் சொறியவே கூடாது என்று அவள் சொன்னாள். ஏன் என்று குட்டி கேட்டாள். அசிங்கம் என்று சொல்லிப் பார்த்தாள். குழந்தை நம்பவில்லை.

"சொறிஞ்சா என்னை அப்பா வீட்டுக்கு அனுப்பிருவாங்களா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். அவள் மருந்தின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். குட்டி அந்த மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது இருக்கும் அதிகாரிக்கு. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தோளில் சால்வை, ஒரு கையில் கோப்பு, இன்னொரு கையில் பெரிய பை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் அவருக்காக வட்ட மேசைக்கு அருகில் ஒரு மர நாற்காலியைத் தயாராகப் போட்டு வைத்திருந்தாள். நேற்று அண்ணன் தன் வீட்டிலிருந்து இரவலாகக் கொண்டுவந்த ஒற்றை நாற்காலி. அதிகாரி நாற்காலியைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், அப்பாடா என்று சோபாவின் இடது மூலையில் போய் உட்கார்ந்தார். பையைப் பக்கத்தில் மெத்தைமேல் வைத்தார். பையின் வாய் திறந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் கேட்டதில் பாதி அவள் காதில் ஏறவில்லை. வேலை நேரம், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது யார், காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள். பதில் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. கண் மட்டும் சால்வையின் ஓரம், பையின் வாய், தையல் என்று சுற்றிச் சுற்றி வந்தது. அதிகாரி திரைச்சீலையை நன்றாக இருக்கிறது என்றார். அவளே தைத்ததா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்போதே தையலோரத்தில் ஏதோ நகர்ந்தாற்போல இருந்தது. நூல்தான்.

குட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். பள்ளிக்கூடம், சிநேகிதி, பிடித்த பாட்டு. குட்டி ஒழுங்காகப் பதில் சொன்னாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, தோள் இரண்டும் மேலேறியிருந்தன. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"கைய ஏன்டா கண்ணு அடியில வச்சிருக்க?"

குட்டி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "சொறியக் கூடாதுல்ல," என்றாள். உதடு பிதுங்கியது. "நான் சொறியவே இல்ல."

பூச்சியைப் பற்றிய பயம் அந்த நிமிடத்தில் அவளை விட்டுப் போயிற்று. அந்த இடத்தில் அதைவிடப் பெரியதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒரு குழந்தையைத் தன் கைமேலேயே உட்கார வைத்துவிட்டோம். எழுந்து போய்க் குட்டியின் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். கையை வெளியே எடு, சொறிந்துகொள் என்றாள். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பழைய சோபா, கறுப்புத் துணி, ஹோட்டலிலிருந்து பொய் சொல்லி வாங்கி வந்த கருவி, எதையும் விடவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் மூலையில்தான் அதிகம் இருந்தது என்றும் சொன்னாள்.

அதிகாரி எழுந்துகொண்டார். பதறி எழவில்லை; ஆனாலும் எழுந்தார். பையைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இத எதுக்கு மறைச்சீங்க?"

"நீங்க எழுதிருவீங்கன்னுதான் மேடம்."

"எழுதத்தாம்மா போறேன்," என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "பார்த்தத எழுதுறதுதான் என் வேலை."

பிறகு மெத்தையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தன் செல்போன் விளக்கைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தையல் ஓரமாகக் குனிந்து பார்த்தார். அவள் அட்டையால் விரிக்க விரிக்க, இருவரும் தலையோடு தலை முட்டும்படி பார்த்தார்கள். ஈரத்தில் கரைந்த கரும்புள்ளிகள் இருந்தன. உயிரோடு ஒன்றும் தென்படவில்லை. மூன்று மெத்தையையும் பார்த்தார். படுக்கையறையில் மெத்தை விரிப்பையும் உதறச் சொல்லிப் பார்த்தார். குட்டியின் காலையும் முதுகையும் பார்த்தார், டாக்டரிடம் காட்டினீர்களா என்றார். இல்லை என்றாள். திங்கட்கிழமை காட்டிவிடுங்கள் என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

குட்டி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் காலைச் சொறிந்துகொண்டே, அந்த அம்மா நல்லவங்களா என்று கேட்டாள். அவள் ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கினாள்.

கீழே அதிகாரி தன் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சால்வையை எடுத்துத் தெருவோரமாகப் பலமாக உதறினார். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை உதறினார். பையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் காரின் கூரைமேல் பரப்பினார். சாவி, மருந்துச் சீட்டு, சாப்பாட்டு டப்பா, சீப்பு. பையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். பிறகு அந்தச் சாமான்களுக்கு நடுவே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே எழுத ஆரம்பித்தார். ஒரு முறை பேனாவை நிறுத்தி, அண்ணாந்து இந்த ஜன்னலைப் பார்த்தார். அவள் நகரவில்லை. அவர் குனிந்து, பக்கத்தைப் புரட்டி, மேலும் எழுதிக்கொண்டே போனார்.