துரை நட்ட செம்பருத்தி

"சாவாத செடியா ஒண்ணு குடுங்க" என்று அன்பரசி கேட்டதும் ரெபேக்காள் சிரித்துவிட்டாள். திருவிடந்தையில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், பச்சை வலைக்குக் கீழே அத்தனை செடி வைத்து விற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற பெண், ஏழு மாத வயிறு, கை நிறைய கண்ணாடி வளையல். வழியில் நர்சரியைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். அப்பா துரை மட்டும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெபேக்காள் மஞ்சள், ஆரஞ்சு, தட்டு அகலத்துக்குப் பூக்கிற ஒட்டு ரகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இதெல்லாம் பாக்க ஷோக்கா கீது. ஆனா உப்புக் காத்துல தெனம் ஒரு பேஜாரு. இத்த எட்துக்கோ. நாட்டுச் செம்பருத்தி, ஒத்த அடுக்கு செகப்பு. வெயிலு பட்டா போதும். நீ மறந்தாலும் கோச்சுக்காது."

"அப்பா, இத்த நீதான் நடணும்" என்று கார் ஜன்னலில் செடியை நீட்டினாள் அன்பரசி.

"நானா? ஒங்கம்மா நடட்டும்."

"ஒரு செடியவே தொட மாட்டேங்கற. நாளைக்கு எம்புள்ளையத் தூக்குவியா?"

கல்பாக்கத்தில் அணுமின் நிலைய ஊழியர் பஸ் ஓட்டுகிறவர் துரை. மழையோ புயலோ, வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் செடி என்றால் ஆள் காணாமல் போய்விடுவார். சொந்த ஊர் அச்சரப்பாக்கம் பக்கம். அங்கே நடவன்று முதல் நாற்றைக் கைராசி உள்ளவர்தான் ஊன்றவேண்டும். சின்ன வயதில் ஆசைப்பட்டு ஒருமுறை துரை ஊன்றினார். அந்த வருடம் பார்த்து ஏரிக்கரை உடைந்து, பயிர் மொத்தமும் போயிற்று. ஏரி உடைந்ததற்கும் பையன் கைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை. அதிலிருந்து முதல் நாற்று அண்ணன் ஜெகதீசனுக்கு, வரப்பு துரைக்கு. 'நீ தள்ளி நில்லு துரை' என்று எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே சொன்னது எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. இப்போது மகள் வயிற்றில் பிள்ளையோடு செடியை நீட்டுகிறாள். இது பட்டுப்போனால்? அதற்கு மேல் நினைக்கக்கூட அவருக்குப் பயமாக இருந்தது.

மறுக்க முடியவில்லை. அதனால் ஒரு யோசனை செய்தார். கைதான் ராசியில்லை, மண்ணாவது ராசியான மண்ணாக இருக்கட்டுமே! லீவு போட்டு அச்சரப்பாக்கம் போய், அண்ணன் வயலிலிருந்து இரண்டு மூட்டை களிமண் அள்ளிவந்தார். புதுப்பட்டினத்து வீட்டு வாசலில், கடல்மணலைத் தோண்டிக் களிமண்ணைக் கொட்டி, செம்பருத்தியை நட்டார். வரப்பில் நின்று பார்த்துக் கற்றது ஒன்றுதான், பயிர் என்றால் தண்ணீர் நிற்கவேண்டும். நிற்க வைத்தார். காலையில் ஒரு குடம், டியூட்டி முடிந்து வந்ததும் ஒரு குடம்.

"செடி வெச்சிகீறியா, நண்டு வளக்கிறியா?" என்று மனைவி பூங்கொடி கேட்டாள்.

இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. இருந்த மூன்று மொட்டும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மகள் கண்ணில் படக்கூடாதென்று அவற்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு, துரை நேரே ரெபேக்காளிடம் போய் நின்றார். விஷயம் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "களிமண்ணா? இது இன்னா நெல்லா? வேரு மூச்சு முட்டிக் கெடக்குது. அத்தத் தோண்டி எட்து ஒங்க வூட்டு மணல்லயே வையி, கொஞ்சம் மக்குன சாணி போட்டு. மண்ணு காஞ்சா தண்ணி வுடு. அப்புறம் கையக் கட்டினு இரு அண்ணாத்த."

ஆக, இன்னொரு முறை தொடவேண்டும். தோண்டி எடுத்து, வேரில் ஒட்டிய களியைக் கழுவி, மணலில் வைத்தார். மிச்சமிருந்த இலையும் விழுந்தது. வெறும் நான்கு குச்சி. அதன் பிறகு வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். தண்ணீர் ஊற்றுவதுகூடப் பூங்கொடியின் வேலையாகிவிட்டது. அவளும் பாதி நாள் மறந்தாள்.

அன்பரசிக்கு வலி எடுத்ததும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். விடிந்தும் பிரசவம் ஆகவில்லை. மாற்றுத்துணி எடுத்துவர துரையை வீட்டுக்கு அனுப்பினாள் பூங்கொடி. கேட்டைத் தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார்.

குச்சிகளைக் காணோம். பளபளவென்று பச்சை இலைகள், அவற்றுக்கு மேலே ஒரே ஒரு பூ. அடேயப்பா, என்ன சிவப்பு! நேற்றுவரை இந்த வாசலில் இல்லாத சிவப்பு. ஐந்து இதழும் பின்னால் வளைந்து விரிந்திருக்க, நடுவிலிருந்து ஒரு நீளத் தண்டு துணிச்சலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் மஞ்சள் மகரந்தம், அதன் நுனியில் ஐந்து குட்டிச் சிவப்புப் பொட்டு. யார் உட்கார்ந்து இதையெல்லாம் வைத்தது? இவ்வளவும் அந்தக் குச்சிக்குள்ளா இருந்தது? கடற்காற்றில் பூ ஆடியது. துரைக்கு மயிர்க்கூச்செறிந்தது, கண்ணில் நீர் கட்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நாளிலெல்லாம் இது தன்பாட்டுக்குத் துளிர்த்திருக்கிறது. பிழைப்பதற்கு அது யார் கையின் ராசியையும் கேட்கவில்லை. இத்தனை வருடம் தன் கையை எவ்வளவு பெரியதாக நினைத்துவிட்டோம் என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. வந்த வேலையே மறந்துபோய், துணிப்பை நினைவு வர வெகுநேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஜெகதீசன் ஊரிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்தாள். "அன்பரசி வூட்டுக்காரங்க யாரு? பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. வாங்கிக்கோங்க."

ஜெகதீசன் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கம். அன்பரசி பிறந்தபோதும் முதலில் வாங்கியது அவர்தான். "நீ தள்ளி நில்லு துரை" என்றார்.

"இல்லண்ணா" என்றார் துரை. "எம்பேத்தி. நான் வாங்கிக்கிறேன்."

பூங்கொடி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். துரை இரண்டு கையையும் நீட்டினார். அந்தக் கையிலேயே நர்ஸ் குழந்தையை வைத்தாள். இளஞ்சூடு, எடையே இல்லாத ஒரு எடை. சுருங்கிச் சிவந்திருந்த முகம் மெல்ல அசைந்து, பல்லில்லாத வாயைத் திறந்து பெரிதாகக் கொட்டாவி விட்டது. துரை குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். எதிரே ஜெகதீசன் நீட்டிய கைகளை இன்னும் மடக்கவில்லை.